ரோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்பது

ராஜாமணி அக்கா எனக்கு ஓரகத்தி. அவள் வீட்டுக்காரர் ஜெகதீசனின் தம்பியைக் கட்டிக்கொண்டுதான் நான் இந்த ஊருக்கு வந்தேன். ஒரே கொல்லை, இரண்டு அடுப்பு. இத்தனை வருஷத்தில் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். அவள் ஆடு என் முருங்கையைக் கடித்தால் சண்டை, என் கோழி அவள் வைக்கோல் போரைக் கிளறினால் சண்டை. ஆனால் சாயங்காலம் ஆனால் குழம்புக் கிண்ணம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்விடும். அவளைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு. யாராவது இல்லை என்று சொன்னால் நேரில் வந்து சொல்லட்டும், பேசிக்கொள்கிறேன்.

எங்கள் ஊர் கூட்டேரிப்பட்டுக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவில், நான்கு வழிச் சாலையை ஒட்டி இருக்கிறது. ரோட்டுக்கு ஊர்ப் பக்கம் நின்றால் விழுப்புரம் பஸ் வரும். குறுக்கே தாண்டிப் போய் எதிர்ப் பக்கம் நின்றால் திண்டிவனம் பஸ். அரசாங்கத்துப் பெரியாஸ்பத்திரி விழுப்புரம் திசையில். காசு கட்டிப் பார்க்கிற தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு எங்கள் ஊர்க்காரர்கள் போவது திண்டிவனத்துக்கு. அதனால் இங்கே யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால், என்ன நோய் என்று கேட்பதற்கு முன்னால், ரோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கப் போகிறீர்கள் என்றுதான் கேட்பார்கள்.

அக்கா பிறந்தது பனமலையில். மலை மேலே கோயில், கீழே ஏரி, ஏரிப் பாசனத்தில் அவள் அப்பாவுக்கு நிலம். பத்தாவது முடித்ததும் கல்யாணம் பண்ணிவிட்டார்கள். மாப்பிள்ளை அரசு பஸ் கண்டக்டர் என்பதால் பனமலையே வாயைப் பிளந்ததாம். வந்து பார்த்தால் மாப்பிள்ளை எந்நேரமும் பஸ்ஸில். நிலத்தை யார் பார்ப்பது? இவள்தான் பார்த்தாள். மோட்டார் கொட்டகைக்குப் போவாள், ஆள் கூப்பிடுவாள், மண்டியில் மூட்டை இறக்கி நிற்பாள். ஒருமுறை பக்கத்து நிலத்துக்காரன் டிராக்டரை வைத்து இவள் வரப்பையும் சேர்த்து உழ ஆரம்பித்துவிட்டான். அக்கா போய்ச் சண்டை போடவில்லை. சோற்றுத் தூக்கைத் திறந்துகொண்டு டிராக்டருக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும். நிதானமாகச் சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலை போட்டாள். அதுவரை அவன் வண்டியை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றானாம். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அப்படிப்பட்டவள், தன் உடம்பு என்று வந்துவிட்டால் மட்டும் வாயே திறக்க மாட்டாள். கால் வீங்கினால் துணியைச் சுற்றிக்கொள்வாள். காய்ச்சல் வந்தால் கஷாயம் குடித்துவிட்டுக் களை வெட்டப் போவாள். "ஒடம்புன்னா நாலும் இருக்கும்டி" என்பாள். நான் திட்டினால் சிரிப்பாள்.

இனி மூத்தாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மூத்தார் ஜெகதீசன் ரிட்டையர் ஆகிற வரைக்கும் திண்டிவனம் டெப்போவில் கண்டக்டர். பஸ்ஸில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. பஸ் போன பிறகு அந்தத் தொண்டைக்கு ஒரு வேலை வேண்டுமே, கிராம சபைக் கூட்டத்தைப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஊரில் கிராம சபை கூடினால் மற்றவர்கள் தெருவிளக்கு, குடிதண்ணீர் என்று பேசுவார்கள். இவர் ஆஸ்பத்திரி. எப்போதும் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி ஜெகதீசன் என்றே பெயராகிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, அவர் கத்திய கத்தலில்தான் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பிரசவ வார்டு வந்தது.

அவர் கட்சி இதுதான்: வசதி உள்ளவனும் வாய் உள்ளவனும் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற வரைக்கும் அரசாங்க ஆஸ்பத்திரி உருப்படாது. "கேக்கத் தெரிஞ்சவன் போவாத எடத்துல யாருய்யா கேள்வி கேப்பான்? கலெக்டரு பொண்டாட்டி புள்ள பெத்துக்கிற வார்டுல ஃபேன் சுத்தாம இருக்குமா?" என்பார். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும்.

இதற்கு எதிர்க்கட்சி வேறு எங்கும் இல்லை, சொந்த மச்சான்தான். அக்காவுக்கு ஒரே தம்பி, பச்சைமுத்து. திண்டிவனத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறான். அவன் சொல்வது வேறு. அரசாங்கம் கட்டடம் கட்ட வேண்டாம், காப்பீட்டு அட்டை கொடுத்தாச்சு இல்லையா, ஏழை எந்த ஆஸ்பத்திரிக்கு வேண்டுமானாலும் போகட்டும், பணத்தை அரசாங்கம் கட்டட்டும். "வரிசையில நிக்கறதுதான் ஏழைக்கு எழுதி வெச்சிருக்குதா மாமா? அவனும் ஏசி ரூம்ல படுக்கட்டுமே, உங்களுக்கு இன்னா கஷ்டம்?" என்பான். அதுவும் நியாயமாகத்தான் இருக்கும். அதுதான் பேஜாரு.

கல்யாண வீடு, காதுகுத்து, கருமாதி, எங்கே இரண்டு பேரும் சேர்ந்தாலும் பந்தியில் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவார்கள். "கார்டை நீட்டினா வேண்டாததையும் அறுப்பான்யா. நம்ம பக்கத்துல எத்தினி பொம்பளைங்களுக்குக் கர்ப்பப்பை இருக்குதுன்னு கணக்கெடு பாக்கலாம்" என்பார் இவர். "அங்க போனா சீட்டு வாங்கறதுக்கே அரை நாளு, நீங்க போயி நில்லுங்க" என்பான் அவன். இலையில் சாம்பார் ஆறிப்போகும். எங்களுக்கெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிற்று. அக்கா மட்டும் ரசித்துக் கேட்பாள். ஒருத்தர் புருஷன், ஒருத்தன் தம்பி, இரண்டு பேரும் இப்படி வெளுத்து வாங்குகிறார்களே என்று அவளுக்குப் பெருமை.

போன சித்திரையில் மல்லாட்டை விதைத்துக்கொண்டிருந்த சமயம். வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அக்கா குளிக்கப் போனவள், கொல்லையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"கலையரசி, இங்க வா. இதைத் தொட்டுப் பாரு."

இடது மார்பில், பக்கவாட்டில். ஓடு உரிக்காத ஒரு மல்லாட்டை அளவுக்கு ஒரு கட்டி. அழுத்தினால் நகரவில்லை. "வலிக்குதாக்கா?" என்றேன். இல்லை என்றாள். வலிக்காததுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அன்றைக்கே அவளை இழுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனேன். நர்ஸ் கலைப்பிரியா பார்த்தாள், உள்ளே டாக்டரையும் கூப்பிட்டுக் காட்டினாள். ஸ்கேன் எடுக்க வேண்டும், ஊசி போட்டுச் சதையை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், அதற்கு இங்கே வசதி இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள். வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள் என்று டாக்டர் இரண்டு தரம் சொன்னார்.

சாயங்காலம் மூத்தாரிடம் சொன்னோம். மனிதர் முகம் வெளுத்துவிட்டது. அவருக்கு அக்கா மேல் பாசம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். "நாளைக்கே போறோம், விழுப்புரம்" என்று எழுந்து போய்ச் சட்டையைத் தேய்க்க எடுத்து வைத்தார்.

அக்கா ஒரு வார்த்தை சொன்னாள். "பச்சமுத்துக்கிட்டயும் சொல்லிடுங்க."

அது சும்மா சொன்ன வார்த்தை இல்லை. எங்கள் பக்கம் ஒரு வழக்கம். கட்டிக்கொடுத்த பெண்ணின் உடம்பில் கத்தி படுகிற வைத்தியம் என்றால், பிறந்த வீட்டைக் கேட்காமல் செய்யக்கூடாது. கேட்காமல் செய்து ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால், தாய்வீட்டு ஆட்கள் வந்து வாசலில் நின்று, "எங்கள ஒரு வார்த்தை கேட்டியா?" என்று கேட்பார்கள். அப்புறம் ஜென்மத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அப்படி முறிந்துபோன சம்பந்தங்களை நானே பார்த்திருக்கிறேன். சரி என்று மூத்தாரும் போன் போட்டார்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் பச்சைமுத்து பைக்கில் வந்து இறங்கினான். அக்கா கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமா, நாளைக்குத் திண்டிவனத்துக்குக் கூட்டிக்கினு வந்துடுங்க. எனக்குத் தெரிஞ்ச டாக்டரு. காத்தால போனா சாயங்காலம் ரிப்போர்ட்டு" என்றான்.

"கோவிச்சிக்காதே மச்சான். பெரியாஸ்பத்திரிக்குத்தான் போறோம். இதுக்குன்னு தனியா படிச்ச டாக்டருங்க அங்க இருக்கறாங்க."

"இது எங்க அக்கா உயிரு மாமா. உங்க மீட்டிங்கு இல்ல."

"அப்ப எனக்கு அவ யாரு?"

முடிந்தது. அன்றைக்கு ஆரம்பித்தது. இத்தனை வருஷம் பந்தியில் பேசியதெல்லாம் ஒத்திகை மாதிரி ஆகிவிட்டது. ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுத் தன் பெண்டாட்டியைத் தனியாருக்குக் கூட்டிக்கொண்டு போனால் நாளைக்கு எவன் மதிப்பான் என்று மூத்தாருக்கு. மருந்துக் கடை வைத்திருக்கிறவன் கூடப்பிறந்தவளைத் தர்ம ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க விட்டான் என்று பனமலையில் பேசுவார்களே என்று பச்சைமுத்துவுக்கு. இரண்டு பேரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

கோபத்தில் பச்சைமுத்து வைகாசி முழுக்க வீட்டுப் பக்கம் வரவில்லை. கேட்டாச்சு, ஆனால் சம்மதம் வரவில்லை, சம்மதம் இல்லாமல் எப்படி என்று மூத்தார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆள் விட்டுப் பேசிப் பார்த்தார்கள். அக்கா மகன் ரஞ்சித் பெங்களூரில் கம்பெனி வேலை. அவனுக்குப் போன் போட்டால், "அப்பாவும் மாமாவும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க சித்தி, நான் லீவு போட்டுட்டு வந்துடறேன்" என்றான். நல்ல பிள்ளைதான், ஆனால் போனிலேயே ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது. ஆனியில் இரண்டு பேரையும் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்துப் பிடித்தேன். பாண்டிச்சேரிக்காவது போங்களேன், அங்கேயும் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதே என்றேன். இரண்டு பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். அந்த ஒன்றில்தான் அவர்கள் ஒத்துப்போனார்கள்.

ஆடி பிறந்தது. பச்சைமுத்து இறங்கி வந்து பேசினான், ஆனால் ஆடியில் கத்தி வைக்க வேண்டாம் என்றான். மூத்தாருக்கு நல்ல நாள் கெட்ட நாள் எல்லாம் கிடையாது. "ஆடியாவது கோடியாவது" என்றார். சொன்னாரே தவிர அவரும் அசையவில்லை.

நீ என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். ஏழெட்டுத் தரம் அவளோடு சண்டை போட்டேன். "அவங்க ரெண்டு பேரும் எக்கேடோ கெடட்டும், நீ கெளம்பு, நான் கூட்டிக்கினு போறேன்" என்பேன்.

"அவங்க பேசி முடிக்கட்டும்டி. மல்லாட்டையப் புடுங்கிட்டு நிம்மதியா போலாம்."

"மல்லாட்டை முக்கியமா, நீ முக்கியமா?"

"ஏன் கத்தறே? எனக்கு ஒண்ணும் வலிக்கல."

அவள் என் கண்ணைப் பார்க்க மாட்டாள். பயம். டிராக்டருக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டவளுக்குப் பயம். இரண்டு ஆண்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தது அவளுக்கும் ஒரு வசதியாகத்தான் போயிற்று. அவர்கள் முடிவு பண்ணாத வரைக்கும் அது என்ன கட்டி என்று அவள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இது புரிந்த அன்றைக்கு எனக்கு அவள் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. உட்கார்ந்து அழுதேன்.

மல்லாட்டை பிடுங்கி முடித்த வாரம் சுதந்திர தினம் வந்தது. கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, ஊராட்சி ஆபீஸ் முன்னால் கிராம சபை. சாமியானா போட்டிருந்தார்கள். முன்னால் நாற்காலியில் ஆண்கள், நடுவில் ஜமுக்காளத்தில் நாங்கள், பின்னால் ஓரமாகக் காலனிப் பெண்கள். அப்படி உட்காரச் சொல்லி யாரும் சொல்வதில்லை, அப்படித்தான் உட்காருகிறோம். அன்றைக்குக் காலையில்தான் அக்கா ஜாக்கெட் போடும்போது கண்ணாடியில் பார்த்திருக்கிறாள். கட்டிக்கு மேலே தோல் உள்ளுக்குள் இழுத்துக் குழி விழுந்திருக்கிறது. எனக்குக் காட்டினாள்.

மூத்தார் எழுந்து மைக்கைப் பிடித்தார். எங்கள் சுகாதார நிலையத்துக்கு ஸ்கேன் மெஷினும் ஒரு லேடி டாக்டரும் வேண்டும் என்று தீர்மானம். பச்சைமுத்துவும் அன்றைக்கு வந்திருந்தான், ஆடி முடியப் போகிறதே, பேசி முடிக்கலாம் என்று. அவனுக்கு எங்கள் ஊரில் ஓட்டு இல்லை, சபையில் உட்கார முடியாது. சாமியானா ஓரத்தில் பைக் மேல் சாய்ந்து நின்றான். ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"மெஷின் வெச்சா போதுமா மாமா? ஓட்டறதுக்கு ஆளு?"

"ஆளையும் கேப்போம்யா! நம்ம வரிப்பணம்!"

"அந்த வரிப்பணத்த ஏழை கையில குடுங்க. அவன் தேடிப் போயி நல்ல டாக்டராப் பாத்துக்குவான்."

"ஏழை கையில குடுத்தா அது எந்த டாக்டரு பாக்கெட்டுக்குப் போவும்னு எனக்குத் தெரியும்!"

ஜனங்களுக்கு ஒரே சந்தோஷம். ஊராட்சித் தலைவர் பெரியசாமி சிரித்துக்கொண்டே, "ரெண்டு பேரும் மைக்க மாத்தி மாத்திப் புடிங்கப்பா, எல்லாருக்கும் கேக்கட்டும்" என்றார். பச்சைமுத்து வந்து ஒன்று பேசினான், கை தட்டினார்கள். மூத்தார் வாங்கி ஒன்று பேசினார், இன்னும் பலமாகத் தட்டினார்கள். கடைசியில் மூத்தார் கையை உயர்த்திச் சொன்னார். "எந்த ஆஸ்பத்திரின்றது அப்புறம்! மொதல்ல நோயாளி! நோயாளிக்கு அப்புறந்தான் மத்ததெல்லாம்!"

சாமியானாவே அதிர்ந்தது. பச்சைமுத்துவும் சேர்ந்து கை தட்டினான்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே போனாள். மூத்தார் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். அவர் தண்ணீர் கேட்கிறாளோ என்பது போல முழித்தார்.

"எனக்கு மார்புல ஒரு கட்டி இருக்குது" என்றாள்.

ஸ்பீக்கரில் அது ஊர் முழுக்கக் கேட்டது. மிட்டாய் தின்றுகொண்டிருந்த பிள்ளைகள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் இந்த வார்த்தையைக் கட்டின புருஷனிடம்கூடச் சத்தமாகச் சொல்ல மாட்டாள்.

"சித்திரையில மல்லாட்டை வெதைக்கச்சே பாத்தேன். இப்ப புடுங்கியாச்சு. எம்புருசன் விழுப்புரம் போலாம்ன்றாரு. எந்தம்பி திண்டிவனம் போலாம்ன்றான். ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசறாங்க. எனக்கும் கேக்க நல்லாத்தான் இருந்திச்சு. பயத்துல நானும் வாய மூடிக்கினு கெடந்தேன். கட்டி அது பாட்டுக்கு வளந்துக்கினு இருக்குது. அதுக்கு ஒரு தீர்மானம் போடுங்க தலைவரே."

பெரியசாமி நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, எழுந்தது எதற்கென்று தெரியாமல் நின்றார். யாருக்கும் யாரையும் பார்க்க முடியவில்லை. மூத்தார் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. இருந்தாலும் நல்லா வேணும் என்றும் இருந்தது. இரண்டும் இருந்தது, உள்ளதைச் சொல்கிறேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"யக்கா, எனக்கும் ஒண்ணு இருக்குது."

செண்பகம். காலனியில் இருந்து எங்கள் நிலத்துக்கு வேலைக்கு வருகிறவள். அந்த வாரம் பூராவும் அக்காவுக்குப் பக்கத்து வரிசையில் குனிந்து மல்லாட்டை பிடுங்கியவள். எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் புருஷன் மாசிலாமணி நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றவன், "இன்னாடி சொல்றே?" என்று திரும்பினான். அவனுக்கே அப்போதுதான் தெரியும்.

"போன வருசத்துலேர்ந்து இருக்குதுக்கா. யாருக்கிட்ட சொல்றதுன்னு தெரியல. நீங்க போனா நானும் கூட வரட்டா?"

அக்கா மைக்கை மேசை மேல் வைத்தாள். "வா. நாளைக்குக் காத்தால போலாம்."

"ரோட்டுக்கு எந்தப் பக்கம்க்கா நிக்கணும்?"

யாரோ களுக்கென்று சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். அக்கா புருஷனைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். அப்புறம் செண்பகத்திடம், "நீ எந்தப் பக்கம் நிப்பே?" என்று கேட்டாள்.

"எனக்கு இன்னாக்கா, விழுப்புரம் பக்கந்தான். திண்டிவனத்துல எனக்கு யாரு இருக்கறாங்க?"

"அப்ப நானும் அங்கயே நிக்கறேன்."

இவ்வளவுதான் முடிவு. மூத்தார் கட்சி ஜெயித்தது என்று சிலர் பேசினார்கள். அவர் பேசி அவள் அங்கே போகவில்லை. கூட ஒருத்தி வருகிறாள், அவளைத் தனியாக விட முடியாது, அதனால் போனாள். செண்பகம் திண்டிவனம் பக்கம் நிற்கிறேன் என்று சொல்லியிருந்தால் அக்காவும் ரோட்டைத் தாண்டியிருப்பாள்.

மறுநாள் காலையில் நாங்கள் மூன்று பெண்கள் போய் நின்றோம். மாசிலாமணி கட்டட வேலையை விட்டுவிட்டு வந்து நின்றான். மூத்தார் ஒரு பையில் தண்ணீர் பாட்டிலும் துண்டும் வைத்துக்கொண்டு எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றார். பஸ் வருகிற நேரத்தில் எதிர்ப் பக்கமிருந்து பச்சைமுத்து ரோட்டைத் தாண்டி ஓடிவந்து ஏறிக்கொண்டான். அக்காவும் செண்பகமும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் மூன்று பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்கள்.

பெரியாஸ்பத்திரியில் கூட்டம் இருந்தது. பச்சைமுத்து சொன்ன மாதிரி வரிசையும் இருந்தது. மூத்தார் சொன்ன மாதிரி அதற்கென்றே படித்த டாக்டர்களும் இருந்தார்கள். சீட்டு வாங்கினோம், ஸ்கேன் எடுத்தோம், ஊசி போட்டு எடுத்தார்கள். வரிசையில் நிற்கும்போது செண்பகம் தூக்கில் கொண்டுவந்த சோற்றை அக்கா அள்ளிச் சாப்பிட்டாள். எங்கள் கல்யாணப் பந்தியில் இது நடந்திருக்குமா என்றால் நடந்திருக்காது. அதை அன்றைக்கு யாரும் கவனித்த மாதிரியும் இல்லை.

ரிசல்ட் வந்த அன்றைக்கு எல்லோரும் மறுபடி போனோம். முதலில் செண்பகத்தைக் கூப்பிட்டார்கள். வெறும் நீர்க்கட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்தவள் சந்தோஷப்படக்கூட இல்லை. அக்காவை எப்போது கூப்பிடுவார்கள் என்று கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்காவோடு நாங்கள் மூன்று பேர் உள்ளே போனோம். டாக்டரம்மா சின்ன வயதுதான். ரிப்போர்ட்டைப் படித்தார், அக்காவை இன்னொரு முறை தொட்டுப் பார்த்தார், அக்குளிலும் அழுத்திப் பார்த்தார். அப்புறம் உட்காரச் சொல்லி, மறைக்காமல் சொன்னார். புற்றுநோய்தான். அக்குள் வரைக்கும் போயிருக்கிறது.

"கட்டி சின்னதா இருந்தப்பவே வந்திருந்தா, அதை மட்டும் எடுத்துட்டு மார்பை விட்டிருக்கலாம்மா. இப்ப முழுசா எடுக்கணும். அதுக்கப்புறம் மருந்து ஏத்தணும், ரேடியேஷன், அதான் கரண்டு, வைக்கணும்."

அக்கா கேட்டாள். "எடுத்துட்டா பொழைச்சிக்குவேனாம்மா?"

"நல்ல வாய்ப்பு இருக்கு. இன்னும் முன்னாடி வந்திருந்தா இன்னும் தைரியமா சொல்லியிருப்பேன்."

"அப்ப எடுத்துடுங்க" என்றாள் அக்கா. என் கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்துவிட்டது.

டாக்டரம்மா நிமிர்ந்து பின்னால் நின்ற இரண்டு பேரையும் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் யாரு?"

"வீட்டுக்காரரு" என்றார் மூத்தார்.

"தம்பி" என்றான் பச்சைமுத்து.

"பார்த்தா விவரம் தெரிஞ்சவங்களா இருக்கீங்க. சித்திரையிலயே கட்டி தெரிஞ்சிருக்கு. டாக்டரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்காரு. இத்தனை மாசம் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?"

பச்சைமுத்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. மூத்தார் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. டாக்டரம்மா, "என்னங்க?" என்று கேட்டார்.

அவர் இன்னொரு முறை சொன்னார்.

"பேசிக்கினு இருந்தோம்மா."